விளக்கை அணைக்கத் தெரிந்த ஊர்

சேலத்தையும் நாமக்கல்லையும் ரயில் பாதை சேர்த்து வைத்தது 2013-ல்தான். அதற்கு முன் மல்லூர், ஆண்டகளூர் கேட், புதுச்சத்திரம் என்று ஒவ்வொரு ஊராகத் தாண்டி பஸ்ஸில்தான் போக வேண்டும். தூரம் ஐம்பது கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். எனக்கு ரயில்தான் பிடிக்கிறது. சேலத்தை விட்டதும் சேர்வராயன் மலை மெல்லப் பின்தங்கிப் போகும். இடது கைப்பக்கம் போதமலை வரும். அதற்கும் அப்பால் நீலமாகக் கொல்லிமலை நிற்கும். வழியெல்லாம் மரவள்ளிக் காடு. நஞ்சையல்லாத நிலத்தை எல்லாம் இந்தப் பக்கத்தில் காடு என்றுதான் சொல்வார்கள். நாம் பாயசத்துக்குப் போடும் ஜவ்வரிசி இந்தக் கிழங்கிலிருந்து வருவதுதான். சேலத்து ஜவ்வரிசி ஆலைக்காரர்கள் 1981-லேயே தங்களுக்கென்று ஒரு கூட்டுறவுச் சங்கம் வைத்துக்கொண்டார்கள்.

இத்தனையும் ஜன்னலுக்கு வெளியே இருக்கிறது. ஜன்னலுக்கு உள்ளே என்ன இருக்கிறது தெரியுமா? குனிந்த தலைகள். நான் போன பெட்டியில் கல்லூரிப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். நல்ல பிள்ளைகள்தான். என் பையைத் தூக்கி மேலே வைத்தான் ஒருவன். "உக்காருங்கம்மா" என்று இடம் விட்டாள் ஒருத்தி. அவ்வளவுதான். பிறகு ஒவ்வொருவர் கட்டை விரலும் கண்ணாடியை மேலே தள்ள ஆரம்பித்தது. ராசிபுரம் வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. சேலத்தில் வாங்கிய தட்டுவடை செட் பொட்டலம் ஒருத்தி மடியில் திறந்தே கிடந்தது. பீட்ரூட்டும் காரட்டும் வெங்காயமும் வைத்த அந்தத் தட்டுவடையைச் சூடு ஆறாமல், மொறுமொறுப்புப் போகாமல் சாப்பிட வேண்டும். அது நமுத்துப் போகிற வரைக்கும் அவள் கை பொட்டலத்துக்குப் போகவில்லை. பிறகு எதைச் சாப்பிடுகிறோம் என்று பாராமலே முழுவதையும் சாப்பிட்டு முடித்தாள்.

போன் கெட்டது என்று சொல்ல நான் இதை எழுதவில்லை, சகோதரிகளே. அதே பெட்டியில் ஒரு லாரி டிரைவரின் மனைவி, எங்கோ வடக்கே போயிருக்கும் கணவரோடு முகம் பார்த்துப் பேசிக்கொண்டு வந்தாள். இடுப்பிலிருந்த குழந்தை அப்பாவைப் பார்த்துக் கையை நீட்டியது. அந்தக் காலத்தில் லாரிக்காரர் வீட்டுப் பெண்கள் மாதக்கணக்கில் கடிதத்துக்குக் காத்திருந்தார்கள். அந்தத் தவிப்பை இந்தச் சின்னப் பெட்டி போக்கியிருக்கிறது. ஆனால் நம் வீட்டு இருபது வயதுப் பிள்ளைகளின் தூக்கம், சாப்பாடு, நடை, கண், கழுத்து எல்லாவற்றிலும் அது கை வைத்திருக்கிறது. அதைப் பற்றி நாமக்கல்லில் நான் கற்றுக்கொண்டது ஒன்று உண்டு. அதையும் ஒரு கோழிப்பண்ணையில்தான் கற்றுக்கொண்டேன்.

மலைக்கோட்டையில்

நாமக்கல்லுக்குப் போனால் ஆஞ்சநேயரைப் பார்க்காமல் வர முடியுமா? பதினெட்டு அடி உயரத்தில், தலைக்கு மேல் கூரையில்லாமல், வெயிலும் மழையும் மேலே விழக் கைகூப்பி நிற்கிறார். எதிரே மலையைக் குடைந்த கோயிலில் நரசிம்மர். நாமகிரித் தாயார் சந்நிதியும் அங்கேதான். கணித மேதை ராமானுஜத்தின் குலதெய்வம் இந்தத் தாயார்தான்.

கோயிலுக்கு மேலே மலைக்கோட்டை. ஊருக்கு நடுவில் சுமார் 65 மீட்டர் உயரத்தில் உட்கார்ந்திருக்கும் ஒற்றைப் பாறை அது. சாயங்கால வெயில் தணிந்த பிறகு மெதுவாக ஏறினேன். எனக்கு முன்னால் நாலு பையன்கள். வயது பத்தொன்பது, இருபது இருக்கும். பாதிப் படியில் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டார்கள். உட்கார்ந்ததும் நாலு போனும் வெளியே வந்தன. அவர்களைத் தாண்டி ஒரு பாட்டி, இடுப்பில் தண்ணீர்ச் செம்போடு ஏறிப் போனாள். "என்னடா கண்ணுகளா, இதுக்கேவா?" என்று கேட்டுவிட்டு நிற்காமலே போனாள். பையன்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

2019-லிருந்து 2021 வரை எடுக்கப்பட்ட தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 15-லிருந்து 49 வயது வரையுள்ள பெண்களில் 100-க்கு 40 பேருக்கு மேல் எடை அதிகமானவர்கள் என்று தெரிந்தது. ஆண்களில் 100-க்கு 37 பேர். அதற்கு முந்தைய கணக்கெடுப்பில் பெண்கள் 31, ஆண்கள் 28. ஐந்தாறு வருஷத்தில் இத்தனை ஏற்றம்! அதே சமயம் பெண்களில் பாதிப் பேருக்கு மேல் ரத்தசோகையும் இருக்கிறது. எடை ஏறுகிறது, ரத்தம் ஊறவில்லை. இதற்கெல்லாம் போன்தான் காரணம் என்று சொன்னால் அது நியாயமாகாது. எண்ணெய்ப் பலகாரம், வண்டிப் பழக்கம், விளையாட்டு இடம் இல்லாமை எல்லாம் சேர்ந்த வினை இது. ஆனால் உட்கார்ந்த இடத்தைவிட்டு எழுந்திருக்க விடாமல் செய்வதில் போனுக்கு இணை வேறொன்றில்லை.

பண்ணை வீட்டு ராத்திரி

நாமக்கல்லுக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் என் நாத்தனார் வீடு. நாத்தனார் வீட்டுக்காரர் லாரி வைத்திருக்கிறார். பக்கத்துக் காட்டில் அவர்களுக்கு உறவான ஓர் அம்மாள் கோழிப்பண்ணை நடத்துகிறார். நாமக்கல் முட்டை எங்கெல்லாம் போகிறது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நம் பள்ளிக்கூடச் சத்துணவுத் தட்டிலும் அதுதான், வெளிநாட்டுக் கப்பலிலும் அதுதான்.

ராத்திரி சாப்பிட்டுவிட்டு வாசலில் கட்டில் போட்டு உட்கார்ந்திருந்தோம். தூரத்தில் நீள நீளமாகக் கொட்டகைகள், வரிசையாக பல்பு எரிகிறது. கல்யாண வீடு மாதிரி இருந்தது. கொஞ்ச நேரத்தில் பட்டென்று எல்லாம் அணைந்தது. கரண்ட் போய்விட்டதோ என்று பார்த்தேன்.

"கரண்ட் போகலீங்க. நேரமாச்சுன்னு அணைச்சுட்டாங்க. கோழி தூங்கோணுமில்லீங்களா?" என்றார் அந்த அம்மாள்.

எனக்கு வேடிக்கையாக இருந்தது. விவரம் கேட்டேன். அவர் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். முட்டையிடும் கோழிக்கு ஒரு நாளைக்குப் பதினாறு மணி நேரம் வெளிச்சம் வேண்டும். நம் ஊரில் பகல் வெளிச்சம் பன்னிரண்டு மணி நேரம் கிடைக்கும். மீதி நாலு மணி நேரத்தை விடியலுக்கு முன்னும் பொழுது சாய்ந்த பின்னும் பல்பு போட்டுச் சரிக்கட்டுவார்கள். வெளிச்சம் கோழியின் கண் வழியாக மட்டுமல்லாமல் மண்டையோடு வழியாகவும் மூளைக்குப் போகிறது. "நாள் நீண்டிருக்கிறது, முட்டையிடும் காலம் இது" என்று மூளை நினைத்துக்கொள்கிறது. உடனே உடம்பு அதற்குக் கட்டுப்படுகிறது. ஒரு பல்பைப் போட்டு ஒரு ஜீவனின் உடம்பு முழுவதையும் ஆட்டிவைக்க முடிகிறது என்பதைப் பாருங்கள்.

"அப்படியானால் ராத்திரி முழுக்க விளக்கைப் போட்டால் இன்னும் நிறைய முட்டை கிடைக்குமே?" என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். "அப்படிப் பேராசைப்பட்டா பண்ணை நிக்காதுங்க. எட்டு மணி நேரம் இருட்டு வேணும். ராத்திரிலதான் முட்டைக்கு ஓடு கட்டும். தூக்கமில்லேன்னா ஒண்ணையொண்ணு கொத்திக்கும். தீவனம், தண்ணி, வெளிச்சம் மூணையும் அளந்து குடுக்கோணும். அளக்காம குடுத்தா எதுவுமே விஷந்தானுங்க."

அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே நாத்தனார் வீட்டு மாடி ஜன்னலை நிமிர்ந்து பார்த்தேன். அங்கே ஒரு நீல வெளிச்சம் மட்டும் அணையாமல் இருந்தது. நாத்தனார் மகனின் அறை அது. மணி பதினொன்று.

இருபது வயதுக்கு வந்த வெளிச்சம்

அந்தப் பையன் இன்ஜினீயரிங் இரண்டாம் வருஷம். பிளஸ் டூ வரைக்கும் ஹாஸ்டல் பள்ளிக்கூடத்தில் படித்தவன். நாமக்கல் வட்டாரத்தின் விடுதிப் பள்ளிகள் மார்க்குக்குப் பேர் போனவை. விடியற்காலை எழுப்பிப் படிக்க வைத்து, ராத்திரி வரை படிக்க வைத்து, மார்க்கை வாங்கி வைத்துவிடுவார்கள். வேடிக்கையாக இவற்றைப் "பிராய்லர் பள்ளிக்கூடம்" என்று சொல்கிறவர்களும் உண்டு. அங்கே போனுக்கு இடமில்லை. வாரத்துக்கொரு தரம் வீட்டுக்குப் பேசினால் அதிகம்.

மார்க் வந்தது, சீட் கிடைத்தது, அப்பா சந்தோஷத்தில் ஒரு நல்ல போன் வாங்கிக் கொடுத்தார். அதுவரைக்கும் ஒரு பிள்ளைக்கு எழுந்திருக்க மணி, சாப்பிட மணி, தூங்க மணி எல்லாவற்றையும் வேறு யாரோ அடித்தார்கள். ஒரே நாளில் எல்லா மணியும் நின்றுபோயிற்று. கையில் போன் மட்டும் இருந்தது. அதை எப்போது கீழே வைக்க வேண்டும் என்று யாரும் அவனுக்குச் சொல்லித் தரவில்லை. நீச்சல் தெரியாத பிள்ளையைக் காவிரிக்கரையில் விட்டுவிட்டு வந்த கதைதான்.

ராத்திரி இரண்டு மணிக்குத் தூங்குவான். ஏழரைக்கு அலறிப் புடைத்து எழுந்திருப்பான். காலைப் பலகாரம் கிடையாது. மத்தியானம் கேன்டீனில் ஏதோ ஒரு பப்ஸ். ராத்திரி பன்னிரண்டு மணிக்குப் பசிக்கும். அப்போது பாக்கெட் பாக்கெட்டாக நொறுக்குத் தீனி. "என்னத்தச் சொல்றது அண்ணி, வீட்ல இட்டிலி கெடக்குது, இவன் நடுராத்திரில மசாலாக் கடலை திங்கறான்" என்று நாத்தனார் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அழுததற்குக் காரணம் கடலை மட்டுமல்ல. போன மழைக்காலத்தில் ஒரு நாள் காலை, திருச்செங்கோட்டு ரோட்டில் தூக்கக் கலக்கத்தில் பையன் மோட்டார் சைக்கிளோடு சாய்ந்துவிட்டான். பின்னால் வந்த லாரிக்காரர் பிரேக் போட்டதால் பிழைத்தான். கை எலும்பு முறிவோடு போயிற்று. அவன் அப்பா அன்றைக்கு ஆஸ்பத்திரியில் சொன்னாராம்: "மூணு ராத்திரி தூங்காத டிரைவர்கிட்ட நான் வண்டிச் சாவி குடுக்க மாட்டேன். பெத்த பையனுக்குத் தெனமும் குடுத்துட்டிருந்தேன்."

தூக்கம் கெட்டால் என்ன ஆகும்?

கோழிக்குச் சொன்னது நமக்கும் பொருந்துமா என்று சிலர் கேட்கலாம். பொருந்தும். நம் மூளைக்குள்ளும் வெளிச்சத்தைப் பார்த்து நேரம் சொல்லும் கடிகாரம் ஒன்று இருக்கிறது. பொழுது சாய்ந்து இருட்டினால் மெலடோனின் என்ற சுரப்பு ஊறும். "தூங்கும் நேரம் வந்தது" என்று உடம்புக்குச் சொல்வது அதுதான். கண்ணுக்கு நேரே பிடித்த திரையிலிருந்து வரும் நீலம் கலந்த வெளிச்சம் அந்தச் சுரப்பைத் தள்ளிப் போடுகிறது. வெளிச்சத்தைவிடப் பெரிய தொந்தரவு, அதில் ஓடும் விஷயம். சண்டை, சிரிப்பு, யாரோ போட்ட கல்யாணப் படம், யாரோ வாங்கிய வேலை என்று எல்லாமாகச் சேர்ந்து மனசை உசுப்பிவிட்டால் தூக்கம் எங்கிருந்து வரும்?

2004-ல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஆரோக்கியமான 12 இளைஞர்களை இரண்டு ராத்திரி நாலு மணி நேரம் மட்டும் தூங்க விட்டுப் பார்த்தார்கள். வயிறு நிறைந்தது என்று சொல்லும் லெப்டின் என்ற சுரப்பு 18 சதவீதம் குறைந்தது. பசிக்கிறது என்று சொல்லும் கிரெலின் 28 சதவீதம் கூடியது. அவர்கள் மனம் தேடியது கீரையையும் பழத்தையும் அல்ல. இனிப்பையும் உப்பையும் மாவுப் பண்டத்தையும்தான்! நடுராத்திரிக் கடலைக்குக் காரணம் இப்போது புரிகிறதா? பிள்ளையின் நாக்கைத் திட்டிப் பிரயோஜனமில்லை. கெட்டது தூக்கம். பழி மட்டும் நாக்கின் மேல் விழுகிறது.

லண்டன் கிங்ஸ் கல்லூரியில் 18-லிருந்து 30 வயதுக்குட்பட்ட 1,043 மாணவர்களைக் கேட்டு 2021-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். 100-க்கு 39 பேர் போனுக்கு அடிமையானவர்களின் அடையாளங்களோடு இருந்தார்கள். அவர்களில் 100-க்கு 69 பேருக்குத் தூக்கம் சரியில்லை. அடிமையாகாதவர்களிலும் 57 பேருக்குத் தூக்கம் சரியில்லைதான். போனால் தூக்கம் கெடுகிறதா, தூக்கம் வராததால் போனைத் தேடுகிறார்களா என்று இதிலிருந்து பிரித்துச் சொல்ல முடியாது. ஒன்று மற்றதை வளர்க்கும் என்பது மட்டும் அனுபவத்தில் தெரிகிறது.

கழுத்துக்கு வருவோம். நம் தலையின் எடை சுமார் ஐந்து கிலோ. நேராக வைத்திருந்தால் கழுத்தெலும்பு அதைச் சுகமாகத் தாங்கும். போனைப் பார்க்க நன்றாகக் குனிந்தால் கழுத்தின் மேல் விழும் பாரம் 27 கிலோ வரைக்கும் போகும் என்று 2014-ல் ஓர் அமெரிக்க முதுகெலும்பு டாக்டர் கணக்குப் போட்டுக் காட்டினார். ஒரு அரிசி மூட்டையைக் கழுத்தில் வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் உட்காருவோமா? கண்ணோ, திரையைப் பார்க்கும்போது இமைக்க மறந்து உலர்ந்து போகிறது. கட்டை விரல் நரம்பு வீங்கி, குடத்தைத் தூக்கினால் மணிக்கட்டு வலிக்கிறது என்று சொல்லும் இளம் பெண்களும் இருக்கிறார்கள்.

பிள்ளையின் குற்றம் மட்டும்தானா?

"மனசை அடக்கத் தெரியாத பிள்ளைகள்" என்று சொல்லிவிடுவது சுலபம். ஆனால் அந்தப் பெட்டியை எப்படிச் செய்திருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். முன்பெல்லாம் ஒரு பக்கம் முடிந்தால் அடுத்த பக்கத்துக்குப் போக ஓர் இடத்தை அமுக்க வேண்டியிருந்தது. அந்த ஒரு கணத்தில் "போதும்" என்று தோன்றும். 2006-ல் ஏஸா ராஸ்கின் என்ற வல்லுநர், தள்ளத் தள்ள முடிவில்லாமல் வந்துகொண்டே இருக்கும் முறையை அமைத்தார். பின்னாளில் அதற்காக அவரே வருத்தப்பட்டார். அடிப்பாகம் இல்லாத பாத்திரத்தில் சோறு போட்டுக்கொண்டே இருந்தால் சாப்பிடுகிறவனுக்கு எப்போது நிறுத்துவது என்று தெரியுமா?

இன்னொன்று. ஸ்கின்னர் என்ற அமெரிக்க அறிஞர் புறாக்களை வைத்துச் சோதனை செய்தார். கொத்தினால் ஒவ்வொரு தரமும் தீனி கிடைக்கும் என்றால் புறா வயிறு நிறைந்ததும் விட்டுவிடும். சில தரம் கிடைக்கும், சில தரம் கிடைக்காது என்று வைத்தால் விடாமல் கொத்திக்கொண்டே இருக்கும். நம் பிள்ளைகள் கட்டை விரலால் கொத்துவதும் அப்படித்தான். பத்தில் ஒன்று நன்றாக இருக்கிறது. அந்த ஒன்றுக்காக ஒன்பதையும் தள்ளுகிறார்கள். பாதி ராத்திரி போய்விடுகிறது.

உலகச் சுகாதார நிறுவனம், கணினி விளையாட்டுக்கு அடிமையாவதை ஒரு நோயாகத் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. 2022 ஜனவரியிலிருந்து அந்தப் பட்டியல் நடைமுறையில் இருக்கிறது. போன் பழக்கத்துக்கென்று அதில் தனிப் பெயர் இல்லை. ஆகவே அதிக நேரம் பார்க்கிற பிள்ளைகளை எல்லாம் நோயாளி என்று சொல்லிவிடக் கூடாது. ஆனால் நிறுத்த நினைத்தும் நிறுத்த முடியவில்லை, சாப்பாடு, படிப்பு, சிநேகிதம் எல்லாம் அதற்குப் பிறகுதான், கெடுதல் வருவது தெரிந்தும் தொடர்கிறது என்ற மூன்றும் மாதக்கணக்கில் சேர்ந்து தெரிந்தால் திட்டாமல் டாக்டரிடம் அழைத்துப் போங்கள். பெங்களூர் நிம்ஹான்ஸ் ஆஸ்பத்திரியில் 2014-லிருந்து இதற்கென்றே ஒரு தனிப் பிரிவு நடக்கிறது. அவ்வளவு தூரம் போக வேண்டாதவர்களுக்குச் சேலத்திலும் நாமக்கல்லிலும் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகள் இருக்கின்றன. மத்திய அரசின் டெலி மானஸ் சேவைக்கு 14416 என்ற எண்ணில் எந்த நேரமும் காசில்லாமல் பேசலாம். தமிழிலும் பேசுவார்கள்.

நாத்தனார் வீட்டில் செய்தது

பையனின் கைக்கட்டுப் பிரித்த பிறகு அவர்கள் வீட்டில் ஓர் ஏற்பாடு செய்தார்கள். போனைப் பிடுங்கவில்லை. பிடுங்கியிருந்தால் பையன் இன்னொன்று வாங்கியிருப்பான், அல்லது பேச்சை நிறுத்தியிருப்பான். அவர்கள் செய்ததை அப்படியே எழுதுகிறேன். உங்கள் வீட்டுக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளுங்கள்.

முதலாவது, வீட்டுக்கு ஒரு விளக்கணைக்கும் நேரம். ராத்திரி பத்து மணிக்கு எல்லாப் போனும் சமையலறை அலமாரிக்குப் போகும். எல்லாப் போனும் என்றால் அப்பாவுடையதும் அம்மாவுடையதும் சேர்த்துத்தான். நாத்தனாருக்குப் படுக்கையில் சீரியல் பார்க்கும் வழக்கம் இருந்தது. "நான் வெக்காம அவன எப்படி அண்ணி வெக்கச் சொல்றது?" என்று அவளும் விட்டாள். லாரி விஷயமாக ராத்திரியில் அழைப்பு வரும் என்பதால் ஒரே ஒரு பழைய பட்டன் போன் மட்டும் கூடத்தில் இருக்கும்.

இரண்டாவது, எழுப்புவதற்கு ஒரு அலாரம் கடிகாரம். "அலாரத்துக்குத்தான் போனைத் தலைமாட்டில் வைக்கிறேன்" என்ற சாக்குக்கு அது முடிவு கட்டியது.

மூன்றாவது, தட்டுக்கு முன்னால் போன் கிடையாது. காலையில் சாப்பிடாமல் வாசற்படி தாண்டக் கூடாது. நேரமில்லை என்றால் இரண்டு அவித்த முட்டையும் ஒரு வாழைப்பழமும் போதும். முட்டை விளையும் ஊரில் முட்டைக்கா பஞ்சம்? அரசாங்கப் பள்ளிக்கூடத்துச் சின்னப் பிள்ளைகளுக்கு 2022-லிருந்து காலைச் சிற்றுண்டி போடுகிறார்கள். வளர்ந்த பிள்ளை வெறும் வயிற்றோடு கல்லூரிக்குப் போகலாமா?

நான்காவது, நடை. பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 நிமிஷமாவது சுறுசுறுப்பான உடலசைவு வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். தினம் இருபத்தைந்து நிமிஷம் கூட ஆகாது. 2023 நவம்பரில் தமிழக அரசு மாவட்டத்துக்கு ஒன்றாக எட்டு கிலோமீட்டர் நடைபாதை குறித்துக் கொடுத்தது. அவ்வளவு தூரம் போகாவிட்டாலும், அப்பாவும் பையனும் சாயங்காலம் காட்டு வரப்பைச் சுற்றி வருகிறார்கள். போகும்போது பேசுகிறார்கள். வருஷக்கணக்கில் பேசாத பேச்செல்லாம் அந்த வரப்பில் வெளியே வருகிறதாம்.

உடனே எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். முதல் வாரம் பையன் எரிந்து விழுந்தான். புரண்டு புரண்டு படுத்தான். இரண்டாம் வாரம் திருட்டுத்தனமாக மாடிக்கு ஒரு நாள் போனை எடுத்துப் போனான். மூன்றாம் வாரத்துக்குப் பிறகுதான் பதினொரு மணிக்குக் கொட்டாவி வர ஆரம்பித்தது. இப்போதும் பரீட்சை முடிந்த நாட்களில் தவறும். "தவறினா அடுத்த நாள் மறுபடி வெப்போம்" என்கிறாள் நாத்தனார். அதுதான் சரி.

இளம் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை

ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்பார்கள். இருபதில் வளைப்பதே இத்தனை கஷ்டம். உங்கள் இடுப்பில் இருக்கும் குழந்தைக்கு இப்போதே பழக்கம் செய்யலாம். ஒரு வாய் ஊட்ட ஒரு பாட்டு, இரண்டாம் வாய்க்கு ஒரு பொம்மைப் படம் என்று போனைக் காட்டி ஊட்டுகிறோம். குழந்தை வாயைத் திறக்கிறது, ஆனால் ருசி அறிவதில்லை, வயிறு நிறைந்ததும் அறிவதில்லை. இரண்டு வயதாகும் வரை குழந்தையைத் திரைக்கு முன் உட்கார வைக்க வேண்டாம், இரண்டிலிருந்து நாலு வயது வரை நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்று 2019-ல் உலகச் சுகாதார நிறுவனம் சொல்லியிருக்கிறது. காக்கை, நாய்க்குட்டி, தெருவில் போகும் மாட்டுவண்டி, மொட்டை மாடி நிலா இவையெல்லாம் இன்னும் இருக்கின்றன. அவற்றைக் காட்டி ஊட்ட இன்னும் கால் மணி நேரம் கூடுதலாக ஆகும். ஆகட்டுமே!

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பது நம் பாட்டிமார் சொல். நாமக்கல் பண்ணையில் கோழிக்கு வெளிச்சத்தைக்கூட அளந்து போடுகிறார்கள், இருட்டையும் அளந்து கொடுக்கிறார்கள். அதில் லாபம் இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும். நம் பிள்ளைகளுக்கும் எட்டு மணி நேர இருட்டு வேண்டும். அதைக் கடையில் வாங்க முடியாது, எந்தப் பள்ளிக்கூடமும் தராது. வீட்டில் யாராவது ஒருவர் எழுந்து போய் விளக்கை அணைக்க வேண்டும். இன்று ராத்திரி அதை நீங்களே செய்யலாம். முதலில் உங்கள் போனை அலமாரியில் வையுங்கள்.